குடும்ப நலம்: வலிக்கும் பாதமும் வலிக்காத பாதமும்



பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டு மும்பை, புனே, டெல்லி, பெங்களூர், சூரத் என்று வந்து குடியேறியிருக்கும் நம்மவர்களில் பலர் நின்றுகொண்டே உழைப்பவர்கள். உணவகத்தில் தோசைக் கல்லின் முன் நிற்பவர், வாயிற்காவலர், மருத்துவமனைச் செவிலியர், துணிக்கடையில் விற்பனை செய்யும் பெண், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் தாய் என இவர்கள் அனைவருடைய குடும்பமும் இரண்டு பாதங்களை நம்பியே நிற்கிறது. பல்வலி வந்தால் மருத்துவரைத் தேடுகிறோம். பாதம் வலித்தாலோ, "நாள் முழுவதும் நின்றால் வலிக்கத்தானே செய்யும்" என்று சொல்லி, தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறோம்.

பாதத்தைக் குறித்து ஒரு காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வலிக்கும் பாதம் பெரும்பாலும் பொறுமையான, எளிய கவனிப்பிலேயே குணமாகிவிடும். அதிகம் அஞ்சவேண்டியது வலிக்காத பாதத்தைக் குறித்துத்தான். வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தைக்கு அதனால் வலி இல்லை. நீரிழிவினால் மரத்துப்போன பாதத்திலும் வலி தெரிவதில்லை. வலி இல்லாததினால் வீட்டார் காத்திருக்கிறார்கள். காத்திருந்த அந்த நாட்களே பின்னர் பெரும் இழப்பாகிவிடுகின்றன.

மனித சரீரத்திலுள்ள 206 எலும்புகளில் இரு பாதங்களிலும் சேர்த்து 52 எலும்புகள் உள்ளன. அதாவது நான்கில் ஒரு பங்கு. இத்தனை சிறு எலும்புகளையும் தசைநார்கள் கட்டி, வில் போல வளைத்து நிறுத்தியிருப்பதினால்தான் நம் முழுப் பாரத்தையும் பாதம் தாங்குகிறது. இனி, அடிக்கடி காணப்படும் நான்கு பாதத் தொல்லைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காலையில் குத்தும் குதிகால்

படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் முள் குத்தியதுபோல் வலி. பத்து அடி நடந்ததும் வலி குறைகிறது. மாலையில், நெடுநேரம் நின்றபின், மறுபடியும் தலைகாட்டுகிறது. நம் ஊர்ப்பக்கம் இதனைக் குதிகால் வாதம் என்பார்கள். மருத்துவர்கள் பிளான்டார் ஃபேஷியைடிஸ் என்று எழுதுவார்கள்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை நீண்டிருக்கிறது. கடினமான தரையில் நெடுநேரம் நிற்பது, உடல் எடை கூடுவது, கெண்டைக்கால் தசை இறுகியிருப்பது, தேய்ந்த மெல்லிய செருப்பு ஆகியவை அந்தப் பட்டையின் வேர்ப்பகுதியை நோகச்செய்கின்றன. இரவில் சுருங்கிக்கிடந்த பட்டை காலையில் முதல் அடியிலேயே திடீரென்று இழுபடுவதுதான் அந்தக் குத்தலுக்குக் காரணம்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் சிலருக்குக் குதிகாலில் சிறு எலும்பு முள் தெரியும். "எலும்பு வளர்ந்துவிட்டது, அறுவை செய்தால்தான் தீரும்" என்று கலங்கிப்போகாதீர்கள். வலியே இல்லாத அநேகருக்கும் இந்த முள் உண்டு. வலியின் காரணம் பெரும்பாலும் முள்ளில் இல்லை, பட்டையில் இருக்கிறது.

செய்யவேண்டியது இதுதான். காலையில் தரையில் பாதம் வைப்பதற்கு முன், படுக்கையில் உட்கார்ந்தபடியே வலிக்கும் காலை மற்றத் தொடையின்மேல் போட்டுக்கொள்ளுங்கள். கையால் கால்விரல்களைப் பிடித்து, முன்னங்காலை நோக்கி மெல்ல மேலே வளையுங்கள். உள்ளங்காலில் பட்டை விறைத்து நிற்பதை மற்றக் கையால் தொட்டு அறியலாம். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இவ்விதம் 10 முறை செய்யுங்கள். நாளொன்றுக்கு மூன்று வேளை செய்வது நல்லது.

அடுத்து, சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னே வைத்து, அதன் முழங்காலை மடக்காமலும் குதிகாலைத் தூக்காமலும், முன்காலை மட்டும் மடக்கிச் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடும். 30 விநாடிகள் வீதம் மூன்று முறை செய்யுங்கள். மாலையில், பனிக்கட்டியாக உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைத் தரையில் வைத்து உள்ளங்காலால் பத்து நிமிடம் உருட்டினால் இதமாயிருக்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் இதைச் செய்யலாகாது.

டைல்ஸ், மொசைக் தரையில் சமைத்துக்கொண்டு நிற்கும் சகோதரிகள் வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அணிவது அவசியம். வெளியே பஞ்சுபோன்ற காலணி அணிந்து வீட்டில் ஆறு மணி நேரம் வெறுங்காலோடு நின்றால் பயன் குறைவே.

பத்தில் எட்டுப் பேருக்கு மேலாக, அறுவை இல்லாமலே இந்த வலி நீங்கிவிடுகிறது. ஆனால் வாரங்களும் சில வேளைகளில் மாதங்களும் ஆகும். இரண்டு நாள் பயிற்சி செய்து, பலனில்லை என்று நிறுத்திவிடுவதே பெரும்பாலோர் தவறுமிடம். குதிகாலில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கலாம். ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் போட்டால் நார்ப்பட்டை அறுந்துபோகவும், குதிகாலுக்கு மெத்தையாயிருக்கும் கொழுப்பு கரைந்துபோகவும் இடமுண்டு. வலி மாத்திரைகளையும் மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். அவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரத்த அழுத்தத்தைக் கூட்டும்.

இரவில் உறங்கும்போதும் குறையாத வலி, காய்ச்சல், வீக்கம், அல்லது இளம் வயதினருக்கு இரு குதிகாலிலும் வலியும், காலையில் நெடுநேரம் முதுகு விறைப்பும் இருந்தால் அது வேறு நோயாயிருக்கலாம். மருத்துவரைக் காணுங்கள். குதிகாலின் பின்புறம் எவரோ உதைத்ததுபோல் திடீரென்று உணர்ந்து, அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியாமற்போனால், கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் அறுந்திருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

மழைக்காலத்துக் கணுக்கால்

மழைக்காலத்தில் நீர் தேங்கிய நடைபாதையில் பள்ளம் தெரிவதில்லை. நெரிசலில் லோக்கல் ரயிலிலிருந்து இறங்கும்போதும் பாதம் உட்புறமாக மடங்கிக்கொள்கிறது. கணுக்காலின் வெளிப்புறத் தசைநார்கள் இழுபட்டோ கிழிந்தோ வீங்கிவிடுகின்றன. இதுவே சுளுக்கு.

எலும்பு முறிந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. கனடா நாட்டின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ஆம் ஆண்டு இதற்கென்று சில எளிய விதிகளை வெளியிட்டார்கள். இன்றும் அவை உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றன. கணுக்காலின் இருபுறமும் துருத்தியிருக்கும் எலும்புகளின் பின்விளிம்பையும் நுனியையும் அழுத்திப் பாருங்கள். பின்பு பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கு நேராகப் பாதத்தின் நடுவே மேடாகத் தெரியும் எலும்பையும், உட்புறத்தில் கணுக்காலுக்குச் சற்று முன்னே தெரியும் எலும்பையும் அழுத்துங்கள். இவற்றில் எந்த இடத்திலாவது எலும்பின்மேலேயே வலி இருந்தால் எக்ஸ்ரே வேண்டும். அடிபட்டவுடனும், பின்னரும், நொண்டியாவது நான்கு அடி நடக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே வேண்டும். குழந்தைகளுக்கும், முதியோருக்கும், கால் மரத்துப்போனவர்களுக்கும் சந்தேகம் இருந்தாலே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

முறிவு இல்லையென்றால், முதல் இரண்டு மூன்று நாட்கள் காலுக்கு ஓய்வு கொடுங்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, 15 நிமிடம் வீதம் சில மணி நேரத்துக்கொரு முறை வையுங்கள். விரல்களின் அடியிலிருந்து மேல்நோக்கி கிரேப் பேண்டேஜ் சுற்றுங்கள். படுத்திருக்கும்போது இரண்டு தலையணைகளின்மேல் காலை உயர்த்தி வையுங்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. சுளுக்கு எடுக்கிறேன் என்று எண்ணெய் பூசி உருவிவிடுவதும், முதல் இரண்டு நாட்களில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் வீக்கத்தை அதிகமாக்கும். மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டும் கட்டு இன்னும் ஆபத்தானது. உள்ளே வீக்கம் ஏற ஏற, வெளியே இறுக்கிய கட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். எவர் போட்ட கட்டாயிருந்தாலும், விரல்கள் குளிர்ந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, வலி பொறுக்கமுடியாமற்போனாலோ விடியும்வரை காத்திராமல் அதை அவிழ்க்கச் செய்யுங்கள். விரல்கள் கறுத்தபின் செய்யக்கூடியது அதிகமில்லை.

வீக்கம் வடிந்ததோடு காரியம் முடிந்ததென்று எண்ணாதீர்கள். கிழிந்த தசைநாரோடுகூட, கால் எங்கே நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் பழுதடைகிறது. அதனால்தான் ஒருமுறை பிசகிய கால் மறுபடியும் அதே இடத்தில் பிசகுகிறது. நடக்கத் தொடங்கியதும், சுவரருகே ஒற்றைக்காலில் 30 விநாடிகள் நிற்கப் பழகுங்கள். அது எளிதானபின், மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நில்லுங்கள். பல் துலக்கும் வேளையில் சில வாரங்கள் இதைச் செய்தாலே போதும். செலவு ஏதுமில்லை.

தொட்டிலில் இருக்கும் வளைபாதம்

இனி வலிக்காத பாதங்களுக்கு வருவோம். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒரு குழந்தை, பாதம் உள்நோக்கியும் கீழ்நோக்கியும் திரும்பியபடி பிறக்கிறது. இது வளைபாதம். கிரகணத்தினாலோ, தாய் செய்த தவற்றினாலோ, எவருடைய பாவத்தினாலோ வந்ததன்று. அந்தத் தாயின் காதில் இப்படிப்பட்ட வார்த்தை விழாதபடி வீட்டிலுள்ள பெரியவர்கள் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் இக்னேஷியோ பொன்செட்டி உருவாக்கிய முறை இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. பிறந்து ஒன்றிரண்டு வாரங்களிலேயே தொடங்கி, வாரம் ஒருமுறை பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போடுவார்கள். ஐந்து அல்லது ஆறு கட்டுகளில் பாதம் பெரும்பாலும் நேராகிவிடும். பின்பு அநேகக் குழந்தைகளுக்குக் குதிகாலின் பின்னுள்ள தசைநாணில் ஒரு சிறு கீறல் தேவைப்படும். பெரிய அறுவை அரிதாகவே வேண்டியிருக்கும்.

ஆயினும் அதன்பின்புதான் பெற்றோரின் வேலை தொடங்குகிறது. ஒரு கம்பியில் இணைத்த இரு காலணிகளைக் குழந்தைக்கு முதல் மூன்று மாதங்கள் ஏறக்குறைய நாள் முழுவதும், பின்பு நான்கு அல்லது ஐந்து வயதுவரை உறங்கும் நேரங்களில் அணிவிக்கவேண்டும். பாதம் நேராகிவிட்டதே, குழந்தை அழுகிறதே என்று கழற்றி வைத்தால் வளைவு திரும்ப வந்துவிடும்.

நம்மைப்போல் ஊர்விட்டு வந்தவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரசவத்துக்குத் தாய் ஊருக்குச் செல்கிறாள். அங்கே இரண்டு கட்டுப் போட்டபின், கணவரின் வேலையிடமாகிய நகரத்துக்குத் திரும்பிவிடுகிறாள். நகரத்தில் எங்கே செல்வதென்று தெரியாமல் மாதங்கள் கடந்துவிடுகின்றன. ஆகவே கட்டுகள் முடியும்வரை ஊரிலேயே தங்குங்கள். அல்லது புறப்படுமுன் மருத்துவரின் குறிப்பை வாங்கிக்கொண்டு, வந்த வாரத்திலேயே இங்குள்ள அரசு மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவுக்குச் செல்லுங்கள். மத்திய அரசு 2013-ஆம் ஆண்டு தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளைபாதமும் சேர்க்கப்பட்டுள்ளது. அங்கன்வாடி ஊழியரிடமோ ஆஷா பணியாளரிடமோ கேட்டால் வழி காட்டுவார்கள்.

சிறு குழந்தைகளின் தட்டையான பாதம் இதனின்று வேறு. நுனிக்காலில் நிற்கும்போது பாதத்தில் வளைவு தெரிந்தால், வலியும் இல்லாவிட்டால், அதற்கு விலையுயர்ந்த காலணி தேவையில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர வளைவு தானாக உண்டாகும்.

மரத்துப்போன பாதம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு, ஊழியம் செய்ய வந்த ஓர் ஆங்கிலத் தம்பதியருக்குப் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். இவர் 1946-ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளிகளின் கைகளும் பாதங்களும் ஏன் சிதைகின்றன என்று ஆராய்ந்தார். நோயினால் சதை தானாக அழுகி விழுகிறது என்றே அந்நாட்களில் பலரும் நம்பினார்கள். வலி உணர்வு அற்றுப்போனதினால், முள் குத்தியதும் சுட்டதும் தெரியாமல், அதே புண்ணின்மேல் நடந்து நடந்தே பாதம் அழிகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். உறக்கத்தில் எலி கடித்தும் உணராதிருந்த நோயாளிகள், வீடு திரும்பும்போது ஒரு பூனையையும் உடன் கொண்டுசென்றார்கள். பின்னாட்களில் அமெரிக்காவுக்குச் சென்ற அவர், தொழுநோயாளிகளிடம் கற்றதை நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். வலியை மனிதருக்குக் கிடைத்த ஈவு என்று எழுதிய அவர் 2003-ஆம் ஆண்டு காலமானார்.

நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பாதத்தின் நரம்புகளைக் கெடுக்கிறது. செருப்பு கழன்றதும் தெரியாது; ஸ்கூட்டர் சைலன்சர் சுட்டதும் தெரியாது. உணர்ச்சி இருக்கிறதா என்பதை வீட்டிலேயே அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நோயாளியைக் கண்களை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை, ஒவ்வொரு காலிலும், ஒரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். மொத்தம் ஆறு தொடுதல்களில் இரண்டையோ அதற்கு மேலாகவோ அவர் உணராவிட்டால், உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறையும் உணர்ந்தாலும் ஆண்டுக்கொரு முறை மருத்துவரைக்கொண்டு பாதங்களைச் சோதிக்கச் செய்யவேண்டும்.

உணர்ச்சி குறைந்தவர்கள் தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்கவேண்டும். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கண்பார்வை மங்கியிருந்தால் பிள்ளைகள் பார்க்கட்டும். கால் ஆணியை பிளேடினால் சீவாதீர்கள். கடையில் விற்கும் கால் ஆணிப் பட்டையை ஒட்டாதீர்கள். வெந்நீரின் சூட்டைப் பாதத்தால் அறிய முயலாமல் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் அடிப்பாகமும் பின்வாரும் உள்ள செருப்பு ஏற்றது. காலணிக்குள் கை விட்டுப் பார்த்தபின்பே அணியுங்கள்.

சபைக்கு வரும்போது காலணிகளை வாசலில் கழற்றுகிறோம். ஆராதனை முடிந்து, கூட்டத்தில் செருப்பைத் தேடி, வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்பதுகூட மரத்த பாதத்தைக் கொப்பளிக்கச் செய்யும். இப்படிப்பட்டவர்கள் உள்ளே அணிவதற்கென்று சுத்தமான ஒரு செருப்பைத் தனியே வைத்துக்கொள்ளலாம். போதகரிடம் காரணத்தைச் சொன்னால் எவரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

புண்ணோ, கொப்புளமோ, கறுத்த விரலோ கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சுடுகிறதாய் வீங்கி, வலி மட்டும் அதிகமில்லாதிருந்தாலும் அதே அவசரம்தான். உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் செல்லுங்கள். ஜெபிக்கிறோம் என்பதினால் மருத்துவரைத் தள்ளிவைக்கவேண்டியதில்லை. ஜெபமும் கட்டும் ஒன்றாகவே செல்லலாம். வலிக்கவில்லையே, ஞாயிறு கழியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எங்கே செல்வது, எப்படிச் சொல்வது

மும்பையில் கே.ஈ.எம்., சயான் மருத்துவமனைகள், டெல்லியில் சப்தர்ஜங் மருத்துவமனை, பெங்களூர் ஜெயநகர்ப் பகுதியில் சஞ்சய் காந்தி எலும்பியல் நிறுவனம் ஆகியவை அரசாங்கமோ மாநகராட்சியோ நடத்துபவை. காலையிலேயே சென்று கேஸ் பேப்பர் எடுத்து, எலும்பு மூட்டுப் பிரிவைக் கேளுங்கள். பழைய சீட்டுகள், எக்ஸ்ரே, விழுங்கும் மாத்திரைகள், தினமும் அணியும் செருப்பு ஆகிய நான்கையும் கொண்டுசெல்லுங்கள். செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதே மருத்துவருக்குப் பாதி செய்தி சொல்லும்.

மொழி தெரியாதவர்களுக்குச் சில வார்த்தைகள்: இந்தியில் குதிகால் ஏடி, கணுக்கால் டக்னா, சுளுக்கு மோச், மரத்துப்போனது சுன். மராத்தியில் குதிகால் டாச், கணுக்கால் கோட்டா. கன்னடத்தில் குதிகால் ஹிம்மடி. வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டினாலும் போதும்.

புதுக் காலணியை மாலையில் வாங்குங்கள். பாதம் அப்போதுதான் சற்று வீங்கி முழு அளவில் இருக்கும். நின்றபடி போட்டுப் பார்த்து, நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடுங்கள்.

சகோதர சகோதரிகளே, இன்றிரவு உறங்கப்போகுமுன் வீட்டிலுள்ள பெரியவர்களின் பாதங்களை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவரானால் அந்த ஆறு தொடுதல்களையும் செய்யுங்கள். இரண்டு நிமிட வேலைதான். அவர்கள் "எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை" என்று சொன்னாலும் பார்த்துவிடுங்கள்.